மீனைத் தவிர எல்லாம்

தூண்டில் முள்ளுக்கு நம்பர் ஏற ஏற முள் சின்னதாகிக்கொண்டே போகும் என்பது ஸ்டோர் கீப்பருக்கு இன்னமும் ஜீரணமாகவில்லை. சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து ஒன்பது சின்ன டப்பாக்களை வரிசையாக வைத்திருந்தார். ஒன்றாம் நம்பர் முள் இரண்டு விரற்கடை நீளம். பதினாறாம் நம்பரைக் கண்ணாடி போடாமல் பார்த்தால் டப்பா காலி என்றுதான் தோன்றும். நடுவில் மூன்று, ஐந்து, ஏழு எல்லாம் கிடையவே கிடையாது. போல்ட்டோ நட்டோ ட்ரில் பிட்டோ, நம்பர் கூடினால் சாமானும் பெரிதாக வேண்டும். முப்பத்து மூன்று வருடம் ஒரு தொழிற்சாலையின் கருவிக் கிடங்கில் அந்த ஒரு நியாயத்தை நம்பிக் குப்பை கொட்டியவர் அவர். இப்படித் தலைகீழாக நம்பர் போட்ட புண்ணியவான் எவன் என்று மனதுக்குள் வைதுகொண்டே ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சீட்டு ஒட்டினார். முள்ளின் நம்பர், எத்தனை இருக்கிறது, வாங்கிய தேதி, எத்தனைக்குக் கீழே போனால் மறுபடி வாங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. இதுவரை ஒரு முள்ளும் குறையவில்லை. எதுவும் இன்னும் தண்ணீரையே பார்க்கவில்லை.

மனைவி கண்ணாடிக் கடையில் வேலை முடித்து வந்தாள். நாள் முழுக்க ஊரார் மூக்கில் கண்ணாடியை மாட்டி, காதோரம் வளைத்து, சரியாக நிற்கிறதா என்று ஒரு எட்டு பின்னால் போய் நின்று பார்க்கிற வேலை அவளுக்கு. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பார்வை போகாது. மேசையை ஒரு எட்டு பின்னால் நின்று பார்த்தாள்.

"மீனத் தவிர எல்லாம் வந்தாச்சு," என்றாள்.

"இன்னும் ஒண்ணு ரெண்டு பாக்கி இருக்கு."

"பதினோரு மாசமா ஒண்ணு ரெண்டு பாக்கி." அவள் பையைக் கீழே வைத்தாள். "நீங்க மீன் புடிக்கப் போறீங்களா, அவரப் பாக்கப் போறீங்களா? எனக்கு அது மட்டும் சொல்லுங்க."

"ரெண்டுக்கும்தான்."

"ரெண்டுக்கும் இல்ல," என்று சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய் சமையலறை மேடையருகே நின்றபடியே சாப்பிட்டாள். அந்த வீட்டில் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டு வெகு நாளாகிவிட்டது.

அவள் 'அவர்' என்றது ஒரு ஃபிட்டரை. அந்தக் கதைக்குக் கிடங்கின் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழிலாளி ஒவ்வொருவருக்கும் தன் நம்பர் பொறித்த பித்தளை வில்லைகள் பத்து உண்டு. ஜன்னலில் ஒரு வில்லையைக் கொடுத்தால் கேட்ட கருவி கிடைக்கும். கருவி இருந்த இடத்து ஆணியில் வில்லை தொங்கும். கருவியைத் திருப்பிக் கொடுத்தால் வில்லை கைக்கு வந்துவிடும். ஆணியில் வில்லை தொங்கினால் கருவி அவனிடம் இருக்கிறது, அவ்வளவுதான். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை என்று புதிதாக வருகிற அதிகாரிகளிடம் ஸ்டோர் கீப்பர் பெருமை அடித்துக்கொள்வார். தானே அந்த முறையைக் கண்டுபிடித்தது போல ஒரு மிதப்பு முகத்தில் இருக்கும்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால், வருடாந்திரச் சரிபார்ப்பு நடந்த ஒரு நாள் காலையில் ஓர் ஆணியில் அறுபத்து ஏழாம் நம்பர் வில்லை தொங்கியது. அந்த இடத்துக் கருவி ஒரு மைக்ரோமீட்டர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், தலைமுடியின் தடிமனைக்கூட அளந்து சொல்லிவிடும். கிடங்கிலேயே அவர் அதிகம் பொத்திப் பாதுகாத்த பொருட்களில் ஒன்று. அறுபத்து ஏழு அந்த ஃபிட்டருடைய நம்பர். கூப்பிட்டுக் கேட்டபோது அவர் சிரித்தார்.

"நேத்து சங்கு ஊதுறப்போ உங்க கைலதானே சார் குடுத்தேன்? நீங்க ஏதோ மடிச்சிட்டிருந்தீங்க. வில்லையக் காலைல வாங்கிக்கலாம்னு ஓடிட்டேன்."

"வில்லை ஆணில தொங்குதேப்பா," என்றார் ஸ்டோர் கீப்பர்.

ஸ்டோர் கீப்பர் பொய் சொல்லவில்லை. தன் கண்ணைவிட அந்த ஆணியை நம்பினார், அதுதான் விஷயம். ஃபிட்டரின் நம்பர் அறிவிப்புப் பலகையில் ஏறியது. மூன்று நாள் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். கைக்கு எட்டியிருந்த ஃபோர்மேன் பதவி வேறொருவருக்குப் போனது. திருடன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக 'மைக்ரோ' என்று பேர் வைத்தார்கள். கேன்டீன் வரிசையில் யாராவது "மைக்ரோ, கொஞ்சம் தள்ளு" என்பார்கள். மற்றவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்பார்கள். ஃபிட்டரும் கூடச் சேர்ந்து சிரித்துப் பார்த்தார். ஒரு வருடம் அப்படிச் சிரித்துவிட்டு வேலையை விட்டுப் போனார். ஊரின் மறுகோடியில் பம்ப் பழுதுபார்க்கிற கடையில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி.

ஸ்டோர் கீப்பர் ஓய்வு பெறுகிற வாரம், பொறுப்பை ஒப்படைப்பதற்காக எல்லாவற்றையும் திறந்து பார்த்துப் பட்டியல் எடுத்தார். கடைசி அலமாரியில் இனி எதற்கும் ஆகாது என்று ஒதுக்கிய கருவிகள் இருந்தன. அதைப் பல வருடமாக யாரும் தொட்டதில்லை. உடைந்துபோன ஒரு அளவியின் மரப்பெட்டியைத் திறந்தபோது அதற்குள் எண்ணெய்த் தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று கூடுதலாகக் கிடந்தது. நான்கு மூலையும் உள்ளே மடித்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, பக்கவாட்டில் முடிச்சு. உலகத்தில் வேறு யாரும் அப்படி மடிக்க மாட்டார்கள். பிரிக்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பிரித்தார். தன் கை மடித்தது, தன் கை தப்பான பெட்டியில் வைத்தது. ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து வெகு நேரம் அதை மடியில் வைத்திருந்தார். தொலைந்தது என்று என்றைக்கோ எழுதித் தீர்த்த பொருள் அது. திரும்பப் பதிவேட்டில் ஏற்ற வேண்டுமென்றால் எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். பேனாவைத் திறந்தார், மூடினார். சாப்பாட்டுப் பையில் டப்பாவுக்கு அடியில் அதை வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். காவலாளி வழக்கம்போல் சல்யூட் வைத்தார். ஆக, அந்த மைக்ரோமீட்டரைத் தொழிற்சாலையிலிருந்து உண்மையிலேயே கொண்டுபோனவர் ஸ்டோர் கீப்பர்தான்.

அன்று மாலையே மனைவியிடம் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "நாளைக்கே போய்ச் சொல்லிட்டு வந்துருங்க," என்றாள். அவளுக்கு அது கடைக்குப் போய் வருகிற மாதிரி. அவருக்கு முகத்தில் கதவைச் சாத்தினால் என்ன செய்வது என்ற பயம். பழைய ஆள் ஒருவர் பேச்சுவாக்கில், ஃபிட்டர் இப்போது பம்ப் கடையையும் விட்டுவிட்டார், காலை முழுக்க ஏரிக்கரையில்தான் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னபோது ஸ்டோர் கீப்பருக்கு ஒரு யோசனை பிறந்தது. தானும் ஒரு தூண்டிலோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால், பேச்சு தானாக வரும். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

தூண்டில் சாமான் கடையை நடத்தியது ஒரு பெண். வாய் கொஞ்சம் நீளம். ராடு ஒன்று போதும் என்று போனவரிடம், "ரீல் இல்லாத ராடு வெறும் குச்சி சார்," என்றாள். ரீல் வாங்கினார். ரீலில் சுற்ற நைலான் நரம்பு வேண்டும். எந்த மீனுக்கு எந்தத் தடிமன் என்று ஓர் அட்டவணையே இருந்தது. அட்டவணை என்றால் அவருக்கு எப்போதும் ஒரு சபலம். மூன்று தடிமனில் வாங்கினார். பிறகு ஈயக்குண்டு, மிதவை, நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க நடுவில் மாட்டுகிற சுழல் வளையம், முள்ளைக் கழற்றுகிற இடுக்கி, அடுக்கடுக்காக விரிகிற பெட்டி, மடக்கு ஸ்டூல், வலை, விளிம்பு அகன்ற தொப்பி. ஒவ்வொன்றையும் வாங்கி வந்த அன்று அடுத்த வாரம் போய்விடலாம் என்று நினைத்துக்கொள்வார். அடுத்த வாரத்துக்குள் இன்னொன்று இல்லாதது தெரிந்துவிடும்.

சாக்காகத்தான் ஆரம்பித்தார். ஆனால் நடுவில் எங்கேயோ அவருக்கு அது நிஜமாகவே பிடித்துப்போனது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வேலைக்கு அவர் கருவி எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஒரு திருப்புளியைக்கூடத் தனக்கென்று கையில் பிடித்து எதையும் முடுக்கியதில்லை. இப்போது எல்லாம் அவருடையது. ரீலின் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே பற்சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடுவது விரலில் தெரியும். சிவப்பும் வெள்ளையுமாக மிதவைகளை அடுக்கி மூடியைச் சாத்தும்போது, தான் மட்டும் விளையாடுகிற விளையாட்டு ஒன்று கிடைத்துவிட்டது போல மனம் லேசாகும். அந்தச் சந்தோஷம் பாதியில் நின்றுவிடும். பெட்டியின் அடித்தட்டில் பொட்டலம் இருக்கிறது. அது ஞாபகத்துக்கு வந்ததும் அதை மறக்க இன்னொரு சாமான் வேண்டியிருக்கும், மறுபடி கடைக்குப் போவார்.

முள் டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டிய மறுநாளும் போனார். கடைக்காரப் பெண் ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னாள்.

"சார், நீங்க போன வாரம் கேட்டதெல்லாம் யோசிச்சேன். உங்களுக்கு விக்க எங்கிட்ட இனிமே எதுவும் இல்ல."

"புதுசா எதும் வரலையா?"

"வந்தாலும் உங்ககிட்ட இருக்கும்." அவள் குரலைக் கொஞ்சம் தணித்தாள். "கோவிச்சுக்காதீங்க. ஒரு தடவயாச்சும் தண்ணில போட்டீங்களா?"

வியாபாரம் செய்கிறவள் வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்புவது அவருக்குப் புதிய அனுபவம். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவரை மனைவி ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவர் பெட்டி, ராடு, வலை, ஸ்டூல் எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டுவந்ததைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கையில் கொடுத்தாள். தொப்பியை இப்படியும் அப்படியும் திருப்பிச் சரிசெய்தாள். ஒரு எட்டு பின்னால் போய்ப் பார்த்தாள்.

"நேராப் போய் முதல்லயே சொல்லிருங்க. உக்காந்தீங்கன்னா சொல்ல மாட்டீங்க."

ஆனால் அவர் உட்கார்ந்துவிட்டார். ஃபிட்டரே உட்கார வைத்தார். தலை முழுக்க நரைத்து, கவிழ்த்துப் போட்ட வாளியில் குந்தியிருந்த அந்த மனிதரை ஸ்டோர் கீப்பருக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. கையில் ஒரு மூங்கில் குச்சி. மிதவைக்குப் பாட்டில் மூடித் தக்கை. பக்கத்தில் புழு போட்ட ஒரு தகர டப்பா. அவ்வளவுதான் அவருடைய மொத்தச் சாமானும்.

"யாரு, ஸ்டோர் சாரா?" என்று எழுந்தேவிட்டார். வெறுப்பு ஏதாவது இருக்கிறதா என்று ஸ்டோர் கீப்பர் அந்த முகத்தில் தேடினார். இல்லை. ஃபிட்டரின் பார்வை பெட்டி, வலை, ராடு என்று இறங்கிக்கொண்டே போனது. "என்ன சார், ஏரியவே வாங்கிட்டீங்க போலிருக்கே."

"ரிடையர் ஆயிட்டேன். பொழுது போகல."

"வாங்க வாங்க. இந்தப் பக்கம் உக்காருங்க, அங்க வெயில் வந்துரும்."

ராடைப் பொருத்தினார், ரீலை மாட்டினார். முள்ளை எடுத்ததும் கை நின்றுவிட்டது. நரம்பில் முள்ளைக் கட்டத் தெரியவில்லை. புத்தகத்தில் படம் போட்டுப் பத்து தடவை படித்ததுதான். அவர் கைக்குப் பழகிய முடிச்சு ஒன்றே ஒன்று, பொட்டலம் கட்டுகிற முடிச்சு. அதை இந்த மனிதர் முன்னால் போட மனம் வரவில்லை. ஃபிட்டர் சிரித்துக்கொண்டே கையை நீட்டி வாங்கினார். நரம்பை எச்சிலில் நனைத்து, ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியைத் திரும்ப நுழைத்து இழுத்தார். கண் அந்தப் பக்கம் இல்லை, விரலே வேலை செய்தது. எந்த முள் என்று டப்பாக்களைக் காட்டியதற்கு, "எதானா என்ன, பசிச்ச மீன் நம்பரா பாக்கும்?" என்றார்.

இரண்டு தூண்டிலும் தண்ணீரில் நின்றன. எதிர்க்கரையில் ஒருவன் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். ஃபிட்டர் பழைய ஆட்களைப் பற்றி ஒவ்வொருவராக விசாரித்தார். யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள், அந்தப் பெரிய லேத் இன்னும் ஓடுகிறதா. குரலில் பிரியம்தான் இருந்தது. ஸ்டோர் கீப்பருக்கு உடம்பின் பாரம் இறங்கிக்கொண்டே வந்தது. இந்த மனிதர் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். ஆறிப்போன புண்ணை எதற்குக் கிளற வேண்டும்? இனி தினமும் இப்படி வரலாம். முடிச்சுப் போடக் கற்றுக்கொள்ளலாம். வாங்கிய சாமான் எல்லாம் ஒவ்வொன்றாகத் தண்ணீரைப் பார்க்கும். தனக்கும் ஒரு சிநேகிதர் கிடைத்தது போலிருக்கும். நினைக்க நினைக்க இனித்தது. இனிப்பதை நினைத்ததும் வெட்கமாக இருந்தது. வாசலில் தொப்பியைச் சரிசெய்த கை ஞாபகம் வந்தது.

"அந்த மைக்ரோமீட்டர் கெடச்சிருச்சு," என்றார். தண்ணீரைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஃபிட்டர் திரும்பவில்லை.

"நான்தான் வச்சுட்டேன். வேற பெட்டில. நீங்க குடுத்தது நெஜம். என் கைலதான் குடுத்தீங்க." மென்று முழுங்கிச் சொல்லி முடித்தார். "தப்பு என்னுது. மன்னிச்சிருங்க."

தக்கை ஒரு தடவை அமிழ்ந்து மேலே வந்தது. ஃபிட்டர் குச்சியை இழுக்கவில்லை.

"எப்ப கெடச்சுது?"

"ரிடையர் ஆன வாரம்."

"அது எப்ப?"

"பதினோரு மாசம் ஆச்சு."

ஃபிட்டர் இப்போதுதான் திரும்பினார். ஸ்டோர் கீப்பரின் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டூலைப் பார்த்தார், அடுக்குப் பெட்டியைப் பார்த்தார், டப்பாக்களில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்தார். சீட்டில் தேதி இருந்தது.

"இத்தன நாளும் இதெல்லாம் வாங்கிட்டிருந்தீங்களா சார்?"

கிண்டல் இல்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட கேள்வி. அதனால்தான் ஸ்டோர் கீப்பருக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. "ஆமா," என்றார்.

"என் வீட்டுக்காரி போய் நாலு மாசம் ஆகுது," என்றார் ஃபிட்டர்.

ஸ்டோர் கீப்பருக்கு அது தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவரும் யாரையும் கேட்கவில்லை. நான்கைப் பதினொன்றிலிருந்து கழிக்க அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ஏழு. ஏழு மாதம் அவள் உயிரோடு, பஸ் ஏறினால் போகிற தூரத்தில் இருந்திருக்கிறாள். அந்த ஏழு மாதத்தில் அவர் மூன்று தடிமனில் நரம்பு வாங்கினார்.

"அவ ஒரு தடவகூட நீ எடுத்தியான்னு என்னக் கேட்டதில்ல," ஃபிட்டர் மெதுவாகச் சொன்னார். "கேட்டிருந்தா இல்லன்னு சொல்லிருப்பேன். கேக்கவே இல்ல சார். பதினாலு வருஷம். நானா எப்படிச் சொல்றது? கேக்காம சொன்னா, எடுத்தவன் சொல்ற மாதிரி இருக்கும்ல. நம்பி கேக்காம இருந்தாளா, பயந்து கேக்காம இருந்தாளா, எனக்குத் தெரியல. இனிமே தெரியவும் போறதில்ல."

மன்னிப்பை ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. அது இதற்குப் போதவில்லை.

"கொண்டு வந்திருக்கீங்களா?"

பெட்டியின் அடித்தட்டிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். ஃபிட்டர் அந்த மடிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நூலை அவிழ்த்தார். சட்டை நுனியால் மைக்ரோமீட்டரின் இரண்டு முகங்களையும் துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, திருகை விரலால் உருட்டி மூடினார். டிக் டிக் டிக் என்று மூன்று தடவை சத்தம் வந்து நின்றது. கோட்டோடு கோடு சேர்கிறதா, அளவு பிசகியிருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பூஜ்யம் அப்படியே நிக்குது," என்றார்.

ஸ்டோர் கீப்பரின் கை தன்னையறியாமல் நீண்டிருந்தது. முப்பத்து மூன்று வருடம் ஜன்னலில் நீட்டி நீட்டிப் பழகிய கை. வேலை முடிந்ததும் கருவியைத் திரும்ப வாங்குகிற கை. ஃபிட்டர் அதைப் பார்த்தார். பிறகு மைக்ரோமீட்டரைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இப்ப நான் எடுத்துட்டேன் சார்," என்றார். "போய் எழுதிக்கங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மூங்கில் குச்சியை எடுத்து முள்ளை மேலே இழுத்துப் பார்த்தார். புழு போயிருந்தது. தகர டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்து மாட்டி, மறுபடி தண்ணீரில் போட்டார். நீட்டிய கையை ஸ்டோர் கீப்பர் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். எழுந்து போகச் சொன்னாரா, இருக்கச் சொன்னாரா என்று தெரியவில்லை. எழுந்தால் இவ்வளவு சாமானையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மடக்கி அடுக்க வேண்டும், அத்தனை நேரமும் அவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அவர் உட்கார்ந்தே இருந்தார். வெயில் வாளியைத் தாண்டி ஸ்டூலுக்கு வந்தது. ஃபிட்டர் தண்ணீர்ப் பக்கம் குனியும்போதெல்லாம் சட்டைப் பை கனத்து முன்னால் தொங்கியது. உள்ளே இருப்பது ஏரியில் விழுந்துவிடாமல் ஒவ்வொரு தடவையும் அவர் இடது கையால் அதை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.